அழித்த சிவப்புப் பொட்டு

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து ஆர்டித் ஒரு தடவை தேய்த்தாள். சிவப்புப் பொட்டு போய்விட்டது. மறுபடி தேய்க்க அவசியம் இல்லை. ஆனாலும் பஞ்சு வெள்ளையாகவே திரும்பும்வரை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சமையலறை மேசையில் விரித்த பழைய துண்டின் மேல் அந்த ரிவால்வர் கிடந்தது. அவள் பிறப்பதற்கு முன்னால் செய்தது. இருபத்திரண்டு என்று எல்லோரும் சொல்லும் சின்னத் தோட்டா போடுவது. மனிதரையோ மிருகத்தையோ மிரட்ட ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலி டப்பாக்களை அடுக்கிக் குறிபார்த்துச் சுடுவதற்கென்றே பிறந்தது போன்ற துப்பாக்கி. மற்ற ரிவால்வர்களில் தோட்டா போட ஆறு அறை என்றால் இதன் சுழலும் உருளையில் ஒன்பது. அந்த ஒன்பதில் ஒன்று கெட்டது. எது கெட்டது என்று தெரிவதற்காகத்தான் அந்த அறையின் விளிம்பில் தன் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். இப்போது ஒன்பதும் ஒன்றுபோல் இருந்தன.

வாசலில் வண்டி வந்து நின்றது. பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டாள். மேலேயே கிடந்து கண்ணை உறுத்தியது. எடுத்து, காலையில் கொட்டிய காப்பிச் சக்கைக்கு அடியில் அழுத்திவிட்டுக் கதவைத் திறந்தாள்.

பக்கத்துப் பண்ணை ராய்ஸ். நாற்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்ந்தவர். குளிர்காலத்தில் தோளில் அறுவை செய்த பிறகு நீளத் துப்பாக்கியைத் தூக்க முடியாமல் போயிற்று. அதனால்தான் இந்தச் சின்ன ரிவால்வர்மேல் ஆசை. பணத்தை உறையில் போட்டு, உறைமேல் அவள் பெயரைக்கூட எழுதிக் கொண்டுவந்திருந்தார். ரிவால்வரைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"பழசுன்னா ஒரு குணம் இருக்கும்பாங்களே. இதுக்கு என்ன குணம்?"

நேராகக் கேட்டுவிட்டார். ஆர்டித் துண்டை மடித்தாள்.

"சுட்டா கொஞ்சம் எடப்பக்கம் இழுக்கும். வேற ஒண்ணுமில்ல."

"எம் பொண்டாட்டி மாதிரி," என்று சிரித்துக்கொண்டே போனார்.

இடப்பக்கம் இழுப்பது உண்மைதான். அந்த ஓர் உண்மையை நினைத்துத்தான் அன்று அவள் சாப்பிட்டு முடித்தாள்.

எல்லாம் மார்ச் மாத ஏலத்தில் ஆரம்பித்தது. செத்துப்போன ஒரு விவசாயியின் சாமான்களை வைக்கோல் வண்டிகளின் மேல் பரப்பியிருந்தார்கள். ரம்பம், சேணம், மாவு சலிக்கும் சல்லடை, அதற்கிடையில் இந்த ரிவால்வர். பழசு வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. துப்பாக்கியின் பின்புறம் தோட்டாவை அடிக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்ல, மிக மெல்ல, பின்னால் இழுக்க வேண்டும். இழுத்து முடிக்கையில் உருளை 'டக்' என்று பூட்டி, அறை குழலுக்கு நேராக நிற்க வேண்டும். வேகமாக இழுத்தால், உருளையைத் திருப்பும் பல் தேய்ந்திருந்தாலும் உருளை அந்த வேகத்திலேயே போய்ப் பூட்டிக்கொள்ளும், குறை தெரியாது. மெல்ல இழுத்தால்தான் உண்மை வரும். ஒவ்வோர் அறைக்கும் பார்க்க வேண்டும்.

ஆர்டித் ஐந்து அறை பார்த்திருந்தாள். அதற்குள் ஏலக்காரன் அந்த வண்டிக்கு வந்துவிட்டான். எதிரில் அடகுக்கடை டெல்மர் கையைக் கட்டிக்கொண்டு ரிவால்வரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் வைத்தது எதுவும் சோடை போகாது என்று ஊரே அறியும். ஆர்டித் கையைத் தூக்கிவிட்டாள். ரிவால்வர் அவளுக்கு விழும்வரை இறங்காமலே நின்றது அந்தக் கை.

முடிந்தபின் டெல்மர் வந்து கேட்டார். "ஒம்போதையும் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப சரி. நான் ஆறோட நிறுத்திட்டேன். எனக்குப் புடிக்கல."

அவருக்கு வயிற்றெரிச்சல் என்றுதான் அவள் நினைத்தாள். அடுத்த ஞாயிறு தேவாலயத்தின் நிலவறைச் சாப்பாட்டில், வறுத்த கோழியையும் பீன்ஸையும் தட்டில் வைத்துக்கொண்டு, டெல்மரையே முந்திய கதையை நாலு மேசைக்குச் சொன்னாள். ஐம்பத்திரண்டு வயதில், தீவனக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் தனிக்கட்டைப் பெண்ணின் பேச்சை நாலு மேசை கேட்பது தினமும் நடக்கிற காரியமா? "பழைய துப்பாக்கின்னா ஆர்டித்துகிட்டதான் கேக்கணும்" என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல்லை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பலநாள் வைத்துக்கொண்டாள்.

பிறகுதான், ஓடைக்கரைக் களிமண் மேட்டில் தனியாகச் சுட்டுப் பார்த்தபோது, பக்கத்தில் வைத்திருந்த அட்டைப்பெட்டியில் பொடிப்பொடியாகத் துளைகள் கண்டாள். ஓர் அறை குழலுக்கு நேராக வந்து நிற்பதில்லை. தோட்டா குழலின் விளிம்பில் உரசி, சீவப்பட்ட ஈயம் பக்கவாட்டில் தெறிக்கிறது. கைக்குப் பக்கத்தில் வெள்ளைக் காகிதத்தை நிறுத்தி ஒவ்வோர் அறையாகச் சுட்டு, கெட்டதைக் கண்டுபிடித்தாள். பொட்டு வைத்தாள். அந்த அறையை மட்டும் காலியாக விட்டு எட்டே போட்டுச் சுட்டாள்.

டெல்மரிடம் கொடுத்தால் சரிசெய்துவிடுவார். அந்த வட்டாரத்தில் அவருக்குத்தான் அந்தக் கைவேலை தெரியும். ஆனால் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டே சரிசெய்வார். அதற்குப் பயந்தாள். ராய்ஸ் நிலவறையில், எல்லோர் முன்னாலும், "அதை எனக்குக் குடுத்துடும்மா, நீ கேக்கற வெலை" என்றபோது, அந்த நாலு மேசையும் கேட்டுக்கொண்டிருந்தது. முடியாது என்று சொல்லக் காரணம் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ராய்ஸ் வாங்கிப்போனபின் வந்த முதல் ஞாயிறு, மூவருமாக ஓடைக்கரைக்குப் போனார்கள். மூன்றாவது ஆள் ராய்ஸின் மனைவி மேக்ஸின். ஆர்டித்துக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதி. உண்மையைச் சொன்னால் ஆர்டித்துக்கு இருந்த ஒரே சிநேகிதி. சர்க்கரை நோயில் மேக்ஸினுக்குப் போன வருடம் வலது கண் போய்விட்டது. மிச்சம் இருப்பது இடது கண்.

மேக்ஸின் சுடுவதில்லை. புருஷன் பக்கத்தில் நின்று விழுகிற டப்பாக்களை உரக்க எண்ணுவாள். பேருந்தின் ஓட்டுநர் ஜன்னல் வழி வந்த இரைச்சல் நாற்பது வருடமாக ராய்ஸின் இடது காதைத் தின்றுவிட்டிருந்ததால், எப்போதும் வலப்பக்கம்தான் நிற்பாள். சத்தம் தடுக்கும் காதுறையைப் போட்டால் மூக்குக் கண்ணாடியின் காம்பு நெற்றிப்பொட்டில் குத்துகிறது என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள்.

ஆர்டித் அதையெல்லாம் வருடக்கணக்காகப் பார்த்தவள்தான். ஆனால் அன்றுதான் பார்த்தாள். வெற்றுக் கண், இடது கண், ரிவால்வருக்கு இரண்டடி தள்ளி.

ராய்ஸ் சுத்தியலை இழுத்தார். மூட்டுவலி பிடித்த கட்டைவிரல். மெல்ல, மிக மெல்ல இழுத்தார்.

 பொட்டு வைக்குமுன் ஆர்டித் சுட்டபோது விரல் வேகத்தில் பாதி தடவை தெறிக்கவில்லை. இந்த மனிதர் கையில் ஒவ்வொரு சுற்றும் தெறிக்கும்.

"இருங்க," என்றாள். "மேக்ஸி, நீ அந்த நாற்காலில உக்காந்துக்கயேன்."

"நான் என்ன கெழவியா?"

"வெயிலா இருக்கே."

"ஏப்ரல் மாசத்துல என்னடி வெயிலு?"

ஆர்டித் நடந்துபோய் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். தோளால் மேக்ஸினை ஓரடி தள்ளினாள்.

"ஏண்டி, எம் புருஷன் பக்கத்துல நிக்க உனக்கு அவ்ளோ ஆசையா?"

"விடு மேக்ஸி," என்றார் ராய்ஸ். "இந்த வயசுல எனக்காக ரெண்டு பேரு இடிச்சுக்கறதப் பாக்க நல்லாத்தான் இருக்கு."

சுட்டார். மேக்ஸின் எண்ணினாள். "ஒண்ணு. ரெண்டு. அது இல்ல, அது காத்துல விழுந்தது." நாலாவதோ ஐந்தாவதோ சுடும்போது ஆர்டித்தின் கழுத்தில் சுருக்கென்றது. கையை வைத்துப் பார்த்தாள். எள் அளவு ரத்தம்.

"என்ன?"

"கொசு."

"உனக்குன்னே ஏப்ரல்ல கொசு வருது பாரு."

தன் முறை வந்தபோது ஆர்டித் ரிவால்வரை வாங்கி, தோட்டா போடுமுன் சுத்தியலை மெல்ல இழுத்தாள். ஒன்று பூட்டியது. இரண்டு. மூன்று. நான்கு.

"என்னம்மா, வித்த பொருளுக்கு மறுபடியும் சோதனையா?" என்றார் ராய்ஸ். சும்மா கேட்டதுதான். அவள் முகம் காதுவரை சிவந்தது. மிச்சம் ஐந்தைப் பார்க்காமலே தோட்டாக்களைத் திணித்தாள். கெட்ட அறை கிடைத்தால் மட்டும் என்ன செய்வாள்? மறுபடி பொட்டு வைத்தால் அது யார் நகத்துப் பூச்சு என்று மேக்ஸினுக்குத் தெரியாதா?

அடுத்த ஞாயிறும் போய் நடுவில் நின்றாள். அதற்கு அடுத்த ஞாயிறும். சட்டைக் கழுத்தை உயர்த்திவிட்டுக்கொண்டு, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு. கையில் ஒன்று, கன்னத்தில் ஒன்று என்று வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றும் சுருக்கென்று தைத்தபோது அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. செய்ததற்குக் கணக்குத் தீர்வது மாதிரி. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்க்கும்போது அந்த நிம்மதி இருக்காது.

மூன்றாவது ஞாயிறு ராய்ஸ் டப்பா அடுக்கப் போயிருந்தபோது மேக்ஸின் அவள் கையைப் பிடித்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. கண்ணு போனதுலேர்ந்து எனக்கு வலப்பக்கம் பூரா இருட்டு. எந்தப் பக்கமா இருந்தாலும் யாராச்சும் ஒட்டி நின்னாத்தான் தைரியமா இருக்கு. அவர்கிட்டகூட நான் சொல்லல. நீ எப்படிடி கண்டுபிடிச்சே?"

 அப்போது ஆர்டித் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. சிரிக்க ஆளில்லை. ராய்ஸ் ஐம்பது அடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, பட்டாணி டப்பாமேல் சோள டப்பாவை வைத்துக்கொண்டிருந்தார்.

"தோணுச்சு," என்றாள்.

மேக்ஸின் அவள் தோளில் தலையை ஒரு கணம் சாய்த்துக்கொண்டாள்.

புதன்கிழமை மதியம் தீவனக்கடைக்கு மேக்ஸின் கோழித்தீவனம் வாங்க வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. பின்கட்டில் கூண்டுக்குள் கோழிக்குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. மேக்ஸினின் இடது கண்ணுக்குக் கீழே, இமைமுடி முடிகிற இடத்தில், பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"தேனீ," என்று சிரித்தாள். "நேத்து சாயங்காலம் ஒரு மணிநேரம் சுடலாம் வான்னாரு, போனோம். கொட்டிருச்சு. நீ இல்லாத நாளாப் பாத்து வருதுங்க. உன்னத்தான் கடிச்சுப் பழக்கம், நீ இல்லன்னதும் எங்கிட்ட வந்துருச்சு."

பிளாஸ்திரியைச் சற்றே தூக்கிக் காட்டினாள். வீக்கம் இல்லை. தோலுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. அதற்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு நெல்மணி வைக்கிற இடம்.

ஆர்டித் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அது தேனீ இல்ல மேக்ஸி."

"பின்ன?"

"ஈயம். அந்தத் துப்பாக்கி துப்புது. ஒரு அறை கெட்டது. எனக்குத் தெரியும்."

மேக்ஸின் பிளாஸ்திரியை மறுபடி ஒட்டினாள். விரலால் நாலு பக்கமும் அழுத்தினாள். அதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மார்ச்சுலேர்ந்து. பொட்டு வெச்சிருந்தேன், அதுல தோட்டா போடாம இருக்க. அவரு வாங்க வந்த அன்னிக்கு அழிச்சிட்டேன்."

"அவரு கேக்கலையா?"

"கேட்டாரு."

குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன. மேக்ஸின் ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்தாள்.

"அப்ப எம் பக்கத்துல வந்து வந்து நின்னியே."

"உன் கண்ணுக்காகத்தான். சத்தியமா. எம்மேல படட்டும்னுதான் நின்னேன்."

"இல்லடி," என்றாள் மேக்ஸின். குரலை உயர்த்தவில்லை. "ஒரு வார்த்தை சொல்லாம இருக்கறதுக்காக நின்னே. எங்கண்ணுக்காகன்னா சொல்லியிருப்பே. நான் பாரு, முட்டாள் மாதிரி உந்தோள்ல சாஞ்சேன்."

போய்விட்டாள். தீவனமூட்டை கல்லாமேலேயே கிடந்தது.

கடை மூடியதும் ஆர்டித் மூட்டையைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ராய்ஸ் வீட்டுக்குப் போனாள். அவர் முன்பக்கம் படியில் உட்கார்ந்திருந்தார். ரிவால்வர் பக்கத்தில், உருளை திறந்து, காலியாக. மேக்ஸின் உள்ளே இருந்தாள். ரேடியோ பாடியது, ஆள் வரவில்லை. ஆர்டித் பணம் வைத்த உறையை நீட்டினாள். அவள் பெயர் எழுதிய அதே உறை. பிரிக்கவே இல்லை.

"எனக்குத் துப்பாக்கிதாம்மா வேணும்," என்றார் ராய்ஸ். "நல்லதா ஒரு துப்பாக்கி. காலையில டெல்மர்கிட்ட குடுக்கப் போறேன்."

"நான் கொண்டுபோறேன். நானே சொல்றேன்."

 அவர் ரிவால்வரைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். சிரிக்கவில்லை. எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்கிற மனிதர்.

டெல்மரின் அடகுக்கடையில் மறுநாள் காலை மூன்று பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மூவரும் தேவாலயத்து ஆட்கள்தான். ஆர்டித் அவர்கள் போகட்டும் என்று காத்திருக்க நினைத்தாள். பிறகு துணியைப் பிரித்துக் கல்லாமேல் வைத்தாள்.

"துப்புது," என்றாள்.

டெல்மர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "ஒம்போதையும் பாத்தேன்னியே."

"அஞ்சுதான் பாத்தேன்."

ஒருவர் காப்பிக் கோப்பைக்குள் சிரித்தார். டெல்மரும் சிரித்தார். அவள் இரண்டு மாதமாகப் பயந்த சிரிப்பு அவ்வளவுதான். ஒரு தும்மல் நேரம்கூட இல்லை.

"சரி விடு. ராய்ஸ் பாவம், தெரியாம வாங்கிட்டான். நீயும் தெரியாமத்தானே வித்தே."

தப்பிக்க வழி திறந்தே இருந்தது. தலையை ஆட்டினால் போதும், அதோடு முடிந்துவிடும்.

"தெரிஞ்சுதான் வித்தேன்," என்றாள். "பொட்டு வெச்சிருந்தேன். அழிச்சிட்டு வித்தேன். மேக்ஸினுக்குக் கண்ணுக்குக் கீழ பட்டிருக்கு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கோப்பையை வைத்துவிட்டுத் தொப்பியைத் தேடினார். டெல்மர் ரிவால்வரை எடுத்து, சுத்தியலை மெல்ல இழுத்தார். ஒன்று. இரண்டு. ஒவ்வொரு பூட்டலும் அந்தக் கடைக்குள் தனியாகக் கேட்டது. ஏழாவதில் 'டக்' வரவில்லை. உருளை பூட்டும் இடத்துக்கு மயிரிழை முன்னாலேயே நின்றுவிட்டது. அதன்பிறகும் அவர் எட்டையும் ஒன்பதையும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"இதுதான். அடையாளம் வைக்க எதனா இருக்கா?"

அவள் கைப்பையைத் திறந்து நகப்பூச்சுக் குப்பியை எடுத்தாள். அந்த அறையின் விளிம்பில் வைத்த பொட்டு பெரிதாக விழுந்தது.

ரிவால்வரைச் சரிசெய்ய டெல்மருக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் நிலவறைச் சாப்பாட்டில் பழைய துப்பாக்கி பற்றி ஆர்டித்திடம் யாரும் கேட்கவில்லை. மேக்ஸின் வேறு மேசையில் உட்கார்ந்தாள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மருத்துவர் புள்ளியை அப்படியே விட்டுவிட்டார், தோண்டினால்தான் ஆபத்தாம். அது அங்கேயே இருக்கும்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, சாப்பாடு முடிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, மேக்ஸின் பின்னால் வந்து நின்றாள்.

"அவரு சுடப் போறாரு. டப்பா அடுக்க ஆள் வேணும். எனக்கு மேட்டுல ஏற முடியல."

"வர்றேன்," என்றாள் ஆர்டித், திரும்பாமல்.

ஓடைக்கரையில் ராய்ஸ் ரிவால்வரைத் திறந்து காட்டினார். "டெல்மர் பல்லை ஒட்டிச் சரி பண்ணிட்டான். பூட்டறது பாரு, இரும்புப்பெட்டி மாதிரி. பொட்டை மட்டும் அழிக்கல."

"நான்தான் அழிக்க வேணாம்னேன்," என்றாள் மேக்ஸின்.

அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டிருந்தாள். காதுறைக்கும் கண்ணாடிக் காம்புக்கும் நடுவே பஞ்சைச் செருகியிருந்தாள். தன் பழைய இடத்தில், புருஷனின் வலப்பக்கத்தில், காலை அகட்டி நின்றாள். ஆர்டித் மேட்டில் ஏறி ஒன்பது டப்பாக்களை வரிசையாக வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். வந்தபின் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. மேக்ஸினின் வலப்பக்கம், அந்த இருட்டுப் பக்கத்தில், ஓர் ஆள் நிற்கிற இடம் இருந்தது. மேக்ஸின் அந்தப் பக்கம் திரும்பவில்லை, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

ஆர்டித் சுற்றிக்கொண்டுபோய் ராய்ஸின் இடப்பக்கம், கேளாத காதுப் பக்கம் நின்றாள்.

அவர் சுத்தியலை மெல்ல இழுத்தார். மேக்ஸின் எண்ண ஆரம்பித்தாள். ஒவ்வொரு வெடிக்கும் ஆர்டித்தின் கழுத்து தானாகக் குறுகியது. ஒன்றும் வந்து படவில்லை. ஆறு. ஏழு. படாதது அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

"ஒம்போது," என்றாள் மேக்ஸின். பிறகு, யாரையும் பார்க்காமல், "போய் அடுக்குடி."

ஆர்டித் மேட்டை நோக்கி நடந்தாள்.